மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போகிற மாதிரி ஒரு ஏர் கம்ப்ரஸர்: நெயில் கன்னுக்கு எது போதும்?

மரத்தூள் (திருச்சி) · சனி, இரவு 9:40

வணக்கம். ஒன்பது வருடமாகக் கப்போர்டு, கிச்சன், டிவி யூனிட் வேலை. நானும் இரண்டு பையன்களும்தான் டீம். இதுவரை எல்லாம் சுத்தியலும் பேனல் பின்னும்தான். போன மாதம் ஒரு வீட்டில் தேக்கு பீடிங் (ஓரத்தை மறைக்கும் மெல்லிய மரப்பட்டி) அடிக்கும்போது சுத்தியல் வழுக்கி, புது மைக்காவில் பிறை மாதிரி ஒரு தடம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்து அந்த இடத்தையே பார்த்துவிட்டுப் போனார். நான்காம் நாள் ஷட்டரையே மாற்றிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே, கம்ப்ரஸர் காற்றில் ஆணி அடிக்கும் நெயில் கன்னுக்கு மாறுவது என்று முடிவு.

கன் விஷயத்தில் குழப்பம் இல்லை. பீடிங்குக்கும் பின்பலகைக்கும் எஃப்30, பெட்டி சேர்க்க எஃப்50, சுவரில் ரீப்பர் (மரச் சட்டம்) அடிக்க எஸ்.டி.64. எண் என்பது அடிக்கக்கூடிய ஆணியின் அதிகபட்ச நீளம், எம்.எம். கணக்கில். குழப்பம் கம்ப்ரஸரில்தான். கடைக்காரர் "2 ஹெச்.பி., 50 லிட்டர் எடுங்க, பின்னாடி வருத்தப்படக் கூடாது" என்கிறார். அங்கேயே தூக்கிப் பார்த்தேன். தரையை விட்டு எழுந்தது, அவ்வளவுதான். நான் போகும் சைட்டெல்லாம் லிஃப்ட் இன்னும் மாட்டாத மூன்றாவது, நான்காவது மாடி. ஆள் குடிவந்த அபார்ட்மென்ட் என்றால் மதியம் 2 முதல் 4 வரை சத்தம் கூடாது என்று கேட்டிலேயே போர்டு.

எத்தனை ஹெச்.பி., எத்தனை லிட்டர், ஆயில் போடுவதா போடாததா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

உளிமுனை (பொள்ளாச்சி) · சனி, இரவு 10:25

தம்பி, கடைக்குத் திரும்பப் போவதற்கு முன் ஒரு நாள் வேலையில் நிமிடத்துக்கு எத்தனை ஆணி அடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் எண்ணியிருக்கிறேன். எட்டடி பீடிங்குக்கு அரையடிக்கு ஒன்றாக 17 ஆணி. கன்னில் அந்த 17-ஐ அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்கு முன் பீடிங்கை அளந்து, 45-ல் வெட்டி, பசை தடவி, ஓரம் சேர்த்துப் பிடிக்க ஐந்து நிமிடம் போய்விடும். சராசரி பார்த்தால் நிமிடத்துக்கு மூன்று ஆணி.

எஃப்30 ஒரு ஆணிக்குச் சுமார் அரை லிட்டர் காற்று எடுக்கும். எஃப்50 கொஞ்சம் கூட. எஸ்.டி.64 பெரிய வயிறு, ஒன்றரை லிட்டர் வரை கேட்கும். மூன்றையும் மாற்றி மாற்றி அடித்தாலும் ஒரு ஆள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டரைத் தாண்ட மாட்டார். 1 ஹெச்.பி. குட்டி பம்ப்பே 60, 70 லிட்டர் தரும். அப்புறம் எதற்கு 2 ஹெச்.பி.?

என்னிடம் இருப்பது 24 லிட்டர், 1 ஹெச்.பி., ஆயில் இல்லாதது. 20 கிலோ சொச்சம். ஒரு கையில் அதையும் மறு கையில் டீ கேனையும் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறேன்.

---

மரத்தூள் (திருச்சி) · சனி, இரவு 10:41

அண்ணே, அப்படியென்றால் ஹெச்.பி.யைப் பார்க்கவே வேண்டாமா? இரண்டு கேட்டலாக்கிலும் பிரஷர் 8 பார், 115 பி.எஸ்.ஐ. என்று ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறது.

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · ஞாயிறு, காலை 7:15

1960-லிருந்து எல்ஜி கம்ப்ரஸர் செய்துவரும் ஊர் எங்களுடையது. இங்கே டீக்கடையிலும் எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி) பற்றிப் பேச ஆள் கிடைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹெச்.பி. என்பது மோட்டாரின் பலம். காற்று எவ்வளவு வரும் என்பதற்கு அது நேரடிக் கணக்கு அல்ல. கேட்டலாக்கில் கொட்டை எழுத்தில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) என்று ஒரு எண் இருக்கும். 1 சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு 28.3 லிட்டர். ஆனால் அந்த எண் பல நேரம் பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட்டாக இருக்கும். சிலிண்டரின் கொள்ளளவை ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் வருவது. அந்தக் காற்று முழுவதும் டேங்குக்குள் போவதில்லை. வால்வில் கொஞ்சம் திரும்பும், சூட்டில் கொஞ்சம் போகும், பிரஷர் ஏற ஏற இன்னும் குறையும். கடைசியில் உண்மையாகக் கைக்கு வரும் காற்றுதான் எஃப்.ஏ.டி. சின்ன மெஷின்களில் டிஸ்ப்ளேஸ்மென்ட்டில் பாதி வந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். கேட்டலாக்கில் "6 பாரில் எஃப்.ஏ.டி. இவ்வளவு" என்று எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

எழுதவில்லையா? கடையிலேயே சோதிக்கலாம், போன் ஸ்டாப்வாட்ச் போதும். டேங்கைக் காலி செய்து, அவுட்லெட்டை மூடி, ஓட விடுங்கள். 0-விலிருந்து 7 பார் ஏற எத்தனை வினாடி என்று பாருங்கள். டேங்க் லிட்டரை ஏறிய பாரால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் சராசரி எஃப்.ஏ.டி. கிடைத்துவிடும். 24 லிட்டர் டேங்க் 2 நிமிடம் 10 வினாடியில் 7 பார் ஏறினால், 24 × 7 = 168, அதை 2.17-ஆல் வகுத்தால் 77 லிட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான், வேறொன்றும் இல்லை. கேஜில் பார் இல்லாமல் கிலோ என்று இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

அடுத்தது டேங்க். டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து வைக்கும். மெஷின் 8 பாரில் நின்று 5.5-ல் திரும்ப ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள 2.5 பார்தான் உங்கள் கையிருப்பு. 24 லிட்டரில் அது 60 லிட்டர் காற்று. எஃப்30-க்கு 120 ஆணி, மோட்டார் ஒருமுறைகூட ஓடாமல். அசோசியேஷன் போர்டுக்கு அதுவே பதில். 1.45-க்கு டேங்கை நிரப்பி வைத்துக்கொண்டால் மோட்டார் ஓடாமலேயே ஏழு பீடிங் அடிக்கலாம். கன் சத்தம் மட்டும் வரும்.

ஆயில் இல்லாத "சைலன்ட்" மெஷின்களில் பெரும்பாலும் 1,400 ஆர்.பி.எம். மோட்டார். விலை குறைந்த டைரக்ட் டிரைவ் ஆயில் மெஷின்கள் 2,800-ல் கத்தும். சைலன்ட் என்றால் சத்தமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று பேசலாம், அவ்வளவுதான்.

---

குஷன்_கடை (சென்னை) · ஞாயிறு, காலை 9:02

ஆயில் இல்லாததை எல்லாரும் இப்படித் தூக்கிப் பிடிப்பது எனக்குப் புரியவில்லை. சோபா வேலை செய்கிறேன். 80 சீரிஸ் ஸ்டேப்ளர் காலையிலிருந்து இரவு வரை ஓடும். முதலில் வாங்கிய ஆயில் இல்லாத மெஷின் இரண்டு வருடத்தில் ரிங் தேய்ந்து, ஓடிக்கொண்டே இருக்கும், பிரஷர் ஏறாது. இப்போது பெல்ட் டிரைவ், ஆயில் மெஷின். ஆறு வருடமாக ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது தவிர வேறு செலவு இல்லை.

---

உளிமுனை (பொள்ளாச்சி) · ஞாயிறு, காலை 9:30

சார், உங்கள் மெஷின் கடையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தம்பியுடையது மாடி ஏற வேண்டும், டாட்டா ஏஸில் படுத்துக்கொண்டு போக வேண்டும். ஆயில் மெஷினைச் சாய்த்தால் ஆயில் சிலிண்டர் தலைக்கு ஏறும். நிமிர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்காமல் ஓட்டினால் முதல் காற்றோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும். வெள்ளை மைக்காவில் ஒரு சொட்டு தெறித்தால் யார் துடைப்பது?

ரிங் தேயும் என்பது உண்மைதான். டெஃப்லான் ரிங், தேயத்தான் செய்யும். அதனால்தான் விடாமல் ஓட்டக் கூடாது என்கிறேன். ஒரு மணி நேரத்தில் பாதி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடுகிறது என்றால் வேலைக்கு மெஷின் சிறிது என்று அர்த்தம். பீடிங் வேலையில் என் மெஷின் கால்வாசி நேரம்கூட ஓடாது.

---

ஒசூர்_பேலட் · ஞாயிறு, காலை 11:18

ஒரு விதிவிலக்கு சொல்லிவிட்டுப் போகிறேன், படிக்கும் யாராவது ஏமாறக் கூடாது. பேக்கிங் பெட்டி, பேலட் அடிப்பவர்கள் இந்தக் குட்டி மெஷின் பக்கமே வராதீர்கள். நாங்கள் காயில் கன்னில் (சுருளாகக் கோத்த ஆணி போடும் கன்) 50, 60 எம்.எம். ஆணி அடிக்கிறோம். ஒரு ஆணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 50, 60 ஆணி, இரண்டு ஆள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஷெட்டில் இருப்பது 7.5 ஹெச்.பி.

---

ஸ்கார்பரோ_சித்தப்பா (டொராண்டோ) · ஞாயிறு, மாலை 6:50

தம்பி, இங்கே ட்ரிம் வேலை செய்யிற ஆக்கள் கனபேரிட்ட இருக்கிறது தோசைக்கல் மாதிரித் தட்டையான "பான்கேக்" கம்ப்ரஸர். 6 கேலன், 150 பி.எஸ்.ஐ., 90 பி.எஸ்.ஐ.யில் 2.6 சி.எஃப்.எம். லிட்டரில் மாற்றினால் டேங்க் 23, காற்று 74. அங்கே நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற 24 லிட்டர் மெஷினும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை வைத்து பேஸ்போர்டு, கதவுச் சட்டம் எல்லாம் வருடக்கணக்காக அடித்துவிட்டேன். ஃப்ரேமிங் கன்னோடு இரண்டு பேர் சேர்ந்து அடித்தால்தான் மூச்சு வாங்கும்.

சத்தம் மட்டும் சொல்லி மாளாது. நிலக்கீழ் அறையில் ஓடினால் மேல்மாடியில் பிள்ளை எழும்பிவிடும்.

பேட்டரி நெயிலர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு ஆணி அடிக்கிற வேலைக்கு அதுதான். ஆனால் நாள் முழுக்கத் தலைக்கு மேலே பிடித்து அடிக்க, கை காற்று கன்னைத்தான் தேடுகிறது. அதன் பாரம் பாதிகூட இல்லை.

---

பனங்கட்டை (யாழ்ப்பாணம்) · ஞாயிறு, இரவு 8:12

ஒருவரும் தண்ணியைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கட பக்கம் உப்புக் காற்று. என்ர முதல் மெஷினின் டேங்க் உள்ளே துருப்பிடித்து, அடியில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்துவிட்டது. பிழை என்னுடையது, ஒரு வருசமாக வடிகுழாயைத் திறக்கவே இல்லை. அடைத்து ஒட்டிப் பாவிக்கலாமோ என்று வெல்டிங் அண்ணையிடம் கேட்டேன். "பிரஷர் டேங்குக்கு ஒட்டுப் போட மாட்டன், வேணுமெண்டால் அறுத்து அடுப்பாக்கித் தாறன்" என்றார். நல்ல மனுசன்.

பனஞ்சிலாகையில் (பனைமரச் சட்டத்தில்) எஃப்30 ஆணி மடங்கிப் போகும், அதுக்கு முதலில் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். இதுவும் தெரிந்திருக்கட்டும்.

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · ஞாயிறு, இரவு 8:55

அருமை. அதற்கும் கணக்கு இருக்கிறது. 30 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஆயிரம் லிட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. அதை 8 பாருக்கு அமுக்கினால் கொள்ளளவு ஒன்பதில் ஒன்று ஆகிவிடும். அந்தச் சின்ன இடத்தில் மூன்று கிராம் சொச்சம்தான் ஆவியாக நிற்கும். மீதி 20 கிராம் தண்ணீராக டேங்கின் அடியில். தினமும் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆணி அடித்தால் தினமும் நாலு டீஸ்பூன் தண்ணீர். மாதக் கணக்கில் திறக்காவிட்டால் 24 லிட்டர் டேங்க் 22 லிட்டர் டேங்க் ஆகிவிடும், துரு தனி.

மாலையில் கொஞ்சம் பிரஷர் இருக்கும்போதே அடித் திருகைத் திறங்கள். பழுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் நாளைக்கும் திறங்கள். மாதம் ஒருமுறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து விடுங்கள், அது ஒட்டிப்போகாமல் இருக்கட்டும்.

---

மரத்தூள் (திருச்சி) · அடுத்த சனி, இரவு 9:05

எல்லாருக்கும் நன்றி. 24 லிட்டர், 1 ஹெச்.பி., ஆயில் இல்லாததை வாங்கிவிட்டேன். கடையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தபோது கடைக்காரர் என்னை ஏதோ டிபார்ட்மென்ட் ஆள் என்று நினைத்துவிட்டார். 2 நிமிடம் 14 வினாடி.

ஆனால் மூன்றாம் நாளே சிக்கல். சைட்டில் மோட்டார் உர்ர்ர் என்று உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. பத்து வினாடியில் ஓவர்லோடு பட்டன் வெளியே வந்துவிடுகிறது. அரை மணி விட்டுப் போட்டால் சில நேரம் ஓடுகிறது. கடைக்குப் போன் செய்தால் "கெபாசிட்டர் போயிருக்கும், கொண்டு வாங்க" என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன், சமர்த்தாக ஓடுகிறது! திரும்ப சைட்டுக்குக் கொண்டுபோனால் அதே உறுமல்.

இன்னொன்று. தேக்கு பீடிங்கில் ஆணித் தலை அரை எம்.எம். வெளியே நிற்கிறது. கன்னுக்குப் போகும் பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர் 4 கிலோவில் இருக்கிறது. டீ குடிக்க உட்கார்ந்தால், யாரும் ஆணி அடிக்காமலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓடுகிறது. தப்பான மெஷினை வாங்கிவிட்டேனோ?

---

குஷன்_கடை (சென்னை) · அடுத்த சனி, இரவு 9:20

நான் சொன்னேன்.

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · அடுத்த சனி, இரவு 9:48

கெபாசிட்டர் போயிருந்தால் வீட்டிலும் ஓடாது. கழற்றாதீர்கள். மூன்று கேள்வி:

சைட்டில் எக்ஸ்டென்ஷன் ஒயர் எத்தனை மீட்டர், என்ன கனம்?
மோட்டார் தானாக நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வருகிறதா?
வேலை முடிந்ததும் மெஷினை எப்படி நிறுத்துகிறீர்கள்? சிவப்புக் குமிழிலா, பிளக்கைப் பிடுங்கியா?

---

மரத்தூள் (திருச்சி) · அடுத்த சனி, இரவு 10:10

ஒயர் 30 மீட்டர், ட்ரில் மெஷினுக்கு வைத்திருந்தது. 0.75 என்று ஒயர் மேலேயே எழுதியிருக்கிறது. புஸ் சத்தம் வருகிறது. நிறுத்துவது... பையன் பிளக்கைத்தான் பிடுங்குவான். குமிழைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. சைட்டில் கரண்ட்டும் அடிக்கடி போகிறது.

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · அடுத்த சனி, இரவு 10:52

அகப்பட்டுவிட்டது. மெஷின் நல்ல மெஷின்தான்.

அந்த "புஸ்" என்ன என்று முதலில் பார்ப்போம். பம்ப்பிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயின் முடிவில் ஒரு செக் வால்வு, டேங்க் காற்றைத் திரும்ப விடாது. மோட்டார் நிற்கும்போது பிஸ்டன் தலையிலும் அந்தக் குழாயிலும் பிரஷர் அடைபட்டிருக்கும். பிரஷர் ஸ்விட்சின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்ன வால்வு, அன்லோடர் என்பார்கள். ஸ்விட்ச் ஆஃப் ஆகும் கணத்தில் அது திறந்து அந்தக் காற்றை வெளியே விடும். அப்போதுதான் அடுத்த முறை மோட்டார் சுமை இல்லாமல் கிளம்ப முடியும்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பையன் பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பிரஷர் ஸ்விட்ச் இன்னும் ஆன் நிலையில்தான் இருக்கிறது, அன்லோடர் திறக்கவே இல்லை. தலையில் ஆறு பார் காற்று உட்கார்ந்திருக்கிறது. திரும்ப பிளக்கைச் செருகினால் மோட்டார் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டும். 1 ஹெச்.பி. மோட்டாருக்கு அது முடியாது. உறுமும், சுடும், ஓவர்லோடு விழும். அரை மணி நேரத்தில் அந்தக் காற்று கசிந்து போய்விட்டால் ஓடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் இதே கதை. கரண்ட் போனவுடன் எழுந்து போய்க் குமிழை அமுக்குங்கள், புஸ் என்று வரும். கரண்ட் வந்தபின் குமிழைத் தூக்குங்கள்.

ஒயர் இதை இன்னும் மோசமாக்குகிறது. 0.75-ல் 30 மீட்டர், போக வர 60 மீட்டர், கிட்டத்தட்ட 1.4 ஓம். ஓடும்போது 5, 6 ஆம்பியர், அதனால் 8 வோல்ட்தான் போகும், தெரியாது. கிளம்பும் கணத்தில் 25, 30 ஆம்பியர் இழுக்கும். அப்போது ஒயரிலேயே 35, 40 வோல்ட் காணாமல் போகும். சைட்டில் வருவதே 205 என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 165. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் இழப்பு 12 வோல்ட்டோடு நிற்கும். அதைவிட நல்லது, கம்ப்ரஸரை ஸ்விட்ச் பாக்ஸ் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஏர் ஹோஸை நீட்டுவது. உள்விட்டம் 8 எம்.எம். உள்ள ஹோஸ் என்றால் 20 மீட்டர் நீட்டினாலும் எஃப்30 போன்ற பிராட் கன்னுக்குத் தெரியாது. 5 எம்.எம். சுருள் ஹோஸ் பெஞ்சில் வைத்து அடிக்க மட்டும்.

டீ நேரத்து மோட்டார், கசிவு. 5 நிமிடத்தில் 60 லிட்டர் போகிறது என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். உளிமுனை அண்ணன் ஒரு ஆளுக்குச் சொன்ன காற்று முழுவதும் ஓட்டையிலேயே போகிறது. ஒரு குவளையில் ஷாம்பு கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவுங்கள்.

---

உளிமுனை (பொள்ளாச்சி) · ஞாயிறு, காலை 6:30

4 கிலோ பிளைவுட்டுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் சரி. தேக்குக்கு ஐந்து, ஐந்தரை வையுங்கள். எப்போதும் அதே மரத்தின் துண்டில் இரண்டு ஆணி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் வைக்க வேண்டும். 7-ல் வைத்து அடித்தால் தலை ஆழமாகப் போய் பீடிங் பிளந்துவிடும், கன்னின் ரப்பர் பம்பரும் சீக்கிரம் போகும்.

எஸ்.டி.64 பற்றி: செங்கல் சுவர்ப் பூச்சிலும் சாதாரண கான்கிரீட்டிலும் போகும். பீமில் ஜல்லி மேல் பட்டால் ஆணி உள்ளே போகாது, திரும்பி வரும். அங்கே ட்ரில் போட்டு பிளக் வைப்பதுதான் வழி. கண்ணாடி போடாமல் அந்த கன்னைத் தொடாதீர்கள்.

இனி சொல்வதைப் பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எஃப்30 ஆணி முனை ஊசி மாதிரி இருக்காது, உளி மாதிரி தட்டையாக இருக்கும். மரத்தில் கடினமான ரேகை குறுக்கே வந்தால் அது அந்த ரேகையோடு சறுக்கி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். ஒன்பது எம்.எம். பீடிங்கை இடது ஆள்காட்டி விரலால் பிடித்துக்கொண்டு அடித்தேன். "டப்" என்றது. வலி இல்லை. விரலை எடுக்கப் போனேன், வரவில்லை. பீடிங்கின் ஓரத்தில் வெளியே வந்த முனை விரலுக்குள் போயிருந்தது. கட்டிங் பிளேயரால் இழுத்தபோதுதான் வலித்தது. அன்றிலிருந்து ஆணியின் நீளத்துக்குக் குறைவான தூரத்தில் கை வைப்பதில்லை. கன்னையும் ரேகைக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடிக்கிறேன், வளைந்தாலும் மரத்துக்குள்ளேயே வளையட்டும் என்று.

கன்னின் மூக்கில் இருக்கும் சேஃப்டியைக் கட்டுக் கம்பியால் கட்டிவிட்டு அடிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். என் சைட்டில் அப்படிப் பார்த்தால் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவேன்.

---

ராஜ_உளி (நாகர்கோவில்) · ஞாயிறு, காலை 8:40

கரண்ட் இல்லாத நேரத்தில் பக்கத்து வெல்டிங் கடையின் ஆக்ஸிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் வைத்து கன் ஓட்டலாமா? யாரோ செய்ததாகக் கேள்வி.

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · ஞாயிறு, காலை 8:43

கூடவே கூடாது. கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் பிரஷரில் இருக்கும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், கையிலேயே வெடிக்கும். கரண்ட் இல்லையென்றால் சுத்தியல் எடுங்கள்.

---

ராஜ_உளி (நாகர்கோவில்) · ஞாயிறு, காலை 8:50

சரி அண்ணே, கேட்டது நல்லதாயிற்று. எண்ணெய் என்றதும் இன்னொரு சந்தேகம். நான் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன், தப்பா?

---

உளிமுனை (பொள்ளாச்சி) · ஞாயிறு, காலை 9:15

நாகர்கோவிலில் தப்பித்துவிடுவீர்கள். நான் ஊட்டியில் ஒரு ரிசார்ட் வேலைக்குப் போனபோது உதவி ஆள் அதைத்தான் விட்டிருந்தான். காலையில் ட்ரிகரை அமுக்கினால் பெருமூச்சு மட்டும் வருகிறது. கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் கட்டிதானே. வெயிலில் வைத்து உருக்கி வேலை செய்தோம்.

ஏர் டூல் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். காலையில் இரண்டு சொட்டு, மதியம் இரண்டு சொட்டு, ஹோஸ் மாட்டும் துவாரத்தில். கம்ப்ரஸர் ஆயில் இல்லாதது என்பதால் கன்னுக்கும் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. கன்னுக்கு வேண்டும். வண்டி இன்ஜின் ஆயில் விட்டால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டுவிடும்.

அப்புறம், ஹோஸையும் கன்னையும் இணைக்கும் குயிக் கப்ளரில் ஆண் பக்கம் கன்னில், பெண் பக்கம் ஹோஸில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று அடைபட்டு இருக்கும். காற்று இல்லை என்று நினைத்து மாட்டிய ஆணியை நோண்டப் போனால் ஒரு ஷாட் பாக்கி இருக்கும்.

---

மரத்தூள் (திருச்சி) · புதன், இரவு 8:30

மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஷாம்பு தடவினேன். ரெகுலேட்டருக்கும் கப்ளருக்கும் நடுவில் நுரை பூரி மாதிரி உப்பியது. டெஃப்லான் டேப்பைத் திருகும் திசைக்கு எதிராகச் சுற்றியிருந்தோம், இறுக்க இறுக்க அது பிரிந்திருக்கிறது. திருப்பிச் சுற்றினேன். இப்போது 8-ல் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் முள் 7.5-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

குமிழை அமுக்கும் பொறுப்பை சின்னப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். கரண்ட் போனால் "புஸ் போட்டாச்சு அண்ணே" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறான். மூன்று நாளில் ஒரு முறைகூட உறுமவில்லை. 2.5 ஒயரும் 15 மீட்டர் ஹோஸும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து கன் விலைக்குக் கிட்டே வந்துவிட்டது, அது மட்டும் வயிற்றெரிச்சல்.

தேக்கில் ஐந்தேகால் கிலோவில் தலை ஒரு எம்.எம். உள்ளே போய் நிற்கிறது, மரத்தூள் பசை வைத்துத் தேய்த்தால் தெரியவில்லை. நேற்று மட்டும் பதினொரு பீடிங். மைக்காவில் ஒரு தடம் இல்லை.

இதே மெஷினில் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்ப்ரே செய்ய முடியுமா?

---

கோவை_லேத் (கோயம்புத்தூர்) · புதன், இரவு 8:44

முடியாது. ஸ்ப்ரே கன் விடாமல் காற்று கேட்கும், நிமிடத்துக்கு 150, 200 லிட்டர்கூட ஆகும். பாதிக் கதவிலேயே பிரஷர் இறங்கி ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும். பாலிஷ்காரரிடமே விடுங்கள்.

---

குஷன்_கடை (சென்னை) · புதன், இரவு 9:10

மரத்தூள் தம்பி, அந்தப் பழைய 0.75 ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் டேபிள் ஃபேனுக்கு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரிங் எப்போது தேய்கிறது என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.